தி ப்ராமிஸ்ட் நெவர்லாண்ட் (அனிமே தொடர்)

ஜப்பானிய அனிமே தொடர். காயு ஷிராய் எழுதி, போசுகா டெமிசு வரைந்த மாங்காவைத் தழுவியது. மாங்கா 2016 முதல் 2020 வரை ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் வெளியாகி, 20 தொகுதிகளில் நிறைவுற்றது. அனிமேயைக் க்ளோவர்வொர்க்ஸ் தயாரித்தது. இயக்கியவர் மமோரு கான்பே.

கதைக்கரு: கிரேஸ் ஃபீல்ட் அநாதை இல்லத்துப் பிள்ளைகள் அரக்கர்களுக்கு இரையாக வளர்க்கப்படுபவர்கள். தத்துப்போகும் கோனி மறந்துவிட்ட பொம்மையைக் கொடுக்க வாயிலுக்குப் போகும் சக பிள்ளைகளான எம்மாவும் நார்மனும் அங்குள்ள வண்டிக்குள் அவளது உடலைக் கண்டு உண்மையை அறிகிறார்கள்.

முதல் பருவம் (2019, 12 அத்தியாயங்கள்) இல்லத்தைப் பராமரிக்கும் ‘அம்மா’ இசபெல்லாவுக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான மதியூகப் போட்டியை நிதானமாக வளர்த்துப் பாராட்டுப் பெற்றது.

இரண்டாம் பருவம் (2021, 11 அத்தியாயங்கள்) முதல் பருவம் எழுப்பிய எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. மாங்காவில் பெரிதும் பேசப்பட்ட ‘கோல்டி பாண்ட்’ பகுதியும் யூகோ என்ற பாத்திரமும் அடியோடு நீக்கப்பட்டன. எஞ்சிய நெடுங்கதை அவசரகதியில் சுருக்கப்பட்டது. அரக்கருலகின் மாற்றம் இறுதி அத்தியாயத்தில் அசையாப் படங்களின் வரிசையாகக் கடந்துபோனது கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. தொடக்கத்தில் திரைக்கதைப் பொறுப்பில் இடம்பெற்றிருந்த ஷிராயின் பெயர், நிறைவு அத்தியாயத்தில் அப்பொறுப்பில் காணப்படவில்லை.