பெரிய வட்டமும் சின்ன வட்டமும்

சரித்திரப் புத்தகங்களைப் புரட்டும்போது, பெரிய யுத்தங்களைவிடச் சில சமயம் ஒரு துண்டுக் காகிதம் என் மனத்தைப் பிடித்துக்கொண்டு விடுகிறது. 1938-ஆம் வருஷம் ஏப்ரல் 10-ஆம் தேதி ஆஸ்திரிய ஜனங்களின் கையில் கொடுக்கப்பட்ட வாக்குச் சீட்டு அப்படிப்பட்டது. நடுவிலே பெரிய வட்டம். அதற்கு மேல் 'ஆம்'. ஓரமாகச் சின்ன வட்டம். அதற்கு மேல் 'இல்லை'. கேள்விகள் இரண்டு: ஜெர்மனியோடு ஆஸ்திரியா சேர்ந்தது சம்மதமா? ஹிட்லரின் பட்டியலுக்கு வோட்டுப் போடுகிறாயா? விடை மட்டும் ஒன்றுதான்!

"சேரலாமா?" என்றல்ல, "சேர்ந்தாகிவிட்டதே, சம்மதந்தானே?" என்று கேள்வி. தாலியைக் கட்டிவிட்டுப் பெண்ணைச் சம்மதம் கேட்கிற கதை!

முன்கதை இது. ஆஸ்திரியாவின் சான்ஸலர் ஷுஷ்னிக், சுதந்திரம் வேண்டுமா என்று மார்ச் 13-ஆம் தேதி ஜனங்களைக் கேட்கப் போவதாக அறிவித்தார். அவரும் அப்பழுக்கற்றவர் அல்ல. 24 வயது நிரம்பாதவர்களுக்கு வோட்டு இல்லை என்றவர். ஆனாலும் ஹிட்லருக்குப் பொறுக்கவில்லை. 11-ஆம் தேதி மிரட்டலுக்குப் பணிந்து ஷுஷ்னிக் ராஜிநாமாச் செய்தார். 12-ஆம் தேதி ஜெர்மன் படைகள் நுழைந்தன. 13-ஆம் தேதி இணைப்புச் சட்டம் பிறந்துவிட்டது.

பிறகுதான் வாக்கெடுப்பு. யூதர்களுக்கு வோட்டு இல்லை. எதிரிகள் பலர் சிறையில். முடிவு: நூற்றுக்கு 99.73 பேர் 'ஆம்'!

"ஹிட்லரை ஆரவாரத்தோடு வரவேற்றவர்கள் எத்தனை பேர்! சோஷலிஸ்டுத் தலைவர் ரென்னர்கூட 'ஆம்' என்றுதான் வோட்டுப் போடுவேன் என்றாரே! நியாயமாகக் கேட்டிருந்தாலும் அவன்தானே ஜெயித்திருப்பான்?" என்று நண்பர் ஒருவர் என்னை மடக்கினார்.

ஜெயித்திருக்கலாம், தோற்றும் இருக்கலாம். இனி யாராலும் அறிய முடியாது. அந்த வாக்கெடுப்புச் செய்த பெரிய குற்றமே அதுதான். ஜனங்களின் உண்மையான பதிலை அது என்றைக்குமாக அழித்துவிட்டது.

சர்வதேச சங்கத்தில் அன்று ஆட்சேபம் எழுப்பியது எங்கோ இருந்த மெக்ஸிகோ. வல்லரசுகள் மாஸ்கோவில் கூடி இணைப்புச் செல்லாது என்று சொல்ல 1943 வரை ஆயிற்று. வியன்னாவில் இன்று மெக்ஸிகோவின் பெயரால் ஒரு சதுக்கம் இருக்கிறது.

2014-இல் ரஷ்யப் படைகள் நின்றிருந்த கிரிமியாவிலும் ஒரு வாக்குச் சீட்டு வந்தது. இருந்தபடியே இருக்கிறோம் என்று சொல்ல அதில் இடமே இல்லை.

இத்தகைய சீட்டுகளைப் பற்றிப் படிக்கும்போது நான் சதவிகிதத்தைப் பார்ப்பதில்லை. சின்ன வட்டத்தில் கோடு போட்டவன் அன்றிரவு தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடிந்ததா என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.