ராஜபார்ட்டும் பபூனும்

தமிழ்நாட்டின் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் நாடகம் எழுதியவர்கள் இருவர், ராஜபார்ட் ஒருவர், ஸ்திரீபார்ட் இருவர். அண்ணாவும் கருணாநிதியும் எழுதினார்கள், எம்.ஜி.ஆர். வாள் சுழற்றினார், ஜானகியும் ஜெயலலிதாவும் நாயகிகள். பபூன் என்னும் கோமாளி மட்டும் ஒருவர்கூடக் கிடையாது. பபூன் மகனான எனக்கு இந்தக் கணக்கு ரொம்ப நாளாகவே உறுத்தல்.

அப்பா புதுக்கோட்டை, மதுரை வட்டாரத்தில் ஸ்பெஷல் நாடகங்களில் பபூன் கட்டியவர். ஸ்பெஷல் என்றால் கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். பங்குனிப் பொங்கலுக்கு ஊர்க்காரர்கள் ஆளாளுக்கு அச்சாரம் கொடுத்து, போட்டோ போட்ட நோட்டீஸ் அடித்துவிடுவார்கள். அன்று ராத்திரிதான் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் வண்டி ஓடிவிடும்.

முருகனும் வள்ளியும் மேடைக்கு வர நடுநிசி தாண்டும். அதுவரை கூட்டத்தை உட்கார வைப்பது பபூன் பாடு. அப்பா துள்ளிக் குதித்து வருவார். தாளம் போடும் ஆல்ரவுண்ட்காரர் ஒரு அடி அடிப்பார். உடனே சபைக்குக் கும்பிடு போட்டு, குற்றம் குறை இருந்தால் பெற்ற பிள்ளையாக நினைத்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி மன்னிப்புக் கேட்பார். அப்புறம்தான் ஊர்த்தலைவர், ரேஷன் கடை, மந்திரி என்று ஆரம்பிப்பார். மன்னிப்பு முன்கூட்டியே வாங்கியாகிவிட்டதால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. வடக்கே தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்கும் இதே சலுகை. துரியோதனன் வருகிறான் என்று கட்டியம் கூறுவதும் அவன்தான், வந்த மகாராஜாவை யாரய்யா நீ என்று கேட்பதும் அவன்தான்.

இந்தச் சலுகைக்குச் சட்டத்திலும் ஒரு சந்து இருந்தது. வெள்ளைக்காரன் 1876இல் நாடகச் சட்டம் கொண்டுவந்தான். ஆட்சிக்கு விரோதமான நாடகத்தைத் தடை செய்யலாம். எழுதிய வசனம் கையில் இருந்தால் தடை செய்வது சுலபம். பபூனுக்கு ஏது எழுதிய வசனம்? அந்தந்த ஊரில், அந்தந்த நிமிஷத்தில் வாயில் வருவதுதான். ராஜபார்ட்டுக்கு அந்தச் சந்து இல்லை; தேசியப் பாட்டுப் பாடிய ராஜபார்ட் விஸ்வநாததாஸ் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார்.

தேர்தல் வந்தால் அப்பாவுக்குத் தனிக் கிராக்கி. தலைவர் வரப் பத்து மணி ஆகும் என்றால் எட்டு மணிக்கே ஏற்றிவிடுவார்கள். இந்த வாரம் ஒரு கட்சி, அடுத்த வாரம் எதிர்க்கட்சி. சிரிப்பு அதேதான், பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார். மேடையில் நாற்காலி வரிசையாக இருக்கும். வட்டம், ஒன்றியம் எல்லாம் உட்கார்ந்திருக்கும். அப்பா மைக் பக்கத்திலேயே நிற்பார். தலைவர் கார் வெளிச்சம் தெரிந்ததும் இறங்கிவிட வேண்டும். துண்டு கூடப் போர்த்த மாட்டார்கள், கவர் மட்டும் கொடுப்பார்கள்.

இந்த ஏற்பாட்டை ஓரளவு மீறியவர் என்.எஸ். கிருஷ்ணன். 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்று, டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனி வழியாகச் சினிமாவுக்கு வந்தவர். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 கடைசியில் தியாகராஜ பாகவதரோடு கைதானார். இருவருக்கும் தண்டனை, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல் விடுதலை. எனக்கு முக்கியமான இடம் இதுதான். ஒரே வழக்கு, ஒரே சிறைவாசம். ராஜபார்ட் பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்கவே முடியவில்லை. கிருஷ்ணனோ வெளியே வந்து, 1949இல் அண்ணா எழுதிய நல்லதம்பியில் நந்தனார் கதாகாலட்சேபத்தைக் கிந்தனாராக்கி, சேரிப் பையன் பள்ளிக்கூடம் போவதைக் கதையாக்கிவிட்டார். அடிபட்டு எழுவது காமெடியனுக்குத் தொழில். ஜனங்களும் அவரிடம் மாசுமறுவற்ற மகாராஜாவை எதிர்பார்க்கவில்லை.

வில்லுப்பாட்டில் காந்தி கதை சொன்னார். திராவிட இயக்க மேடையிலும் பேசினார். 1957இல் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்காகப் பேசியதை மேடைப் பேச்சாளர்கள் இன்றும் கதையாகச் சொல்வார்கள். எதிர்த்து நின்ற காங்கிரஸ் வேட்பாளர் ஒரு டாக்டர். கிருஷ்ணன் எழுந்து அந்த டாக்டரின் கைராசியையும் தங்கமான குணத்தையும் புகழ்ந்துகொண்டே போனாராம். கட்சிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கடைசியில், இப்படிப்பட்ட டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்கள் ஊரில் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, இவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்றாராம். எதிராளிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அண்ணா ஜெயித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணன் காலமானார், வயது 48. அடுத்த தேர்தலில், 1962இல், அண்ணா அதே காஞ்சிபுரத்தில் தோற்றார். கிருஷ்ணன் இல்லாததால்தான் என்று நான் சொல்ல வரவில்லை, அப்பா சொல்வார்.

ஆட்சிக்குப் போன கோமாளி என்ன செய்வான் என்பதை நாடகமாகவே எழுதிப் பார்த்தவர் சோ. 1968இல் அரங்கேறிய முகமது பின் துக்ளக்கில், துக்ளக் வேஷம் போட்டு வந்தவன் தேர்தலில் நின்று இந்தியப் பிரதமரே ஆகிவிடுவான். கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கொடுப்பான். பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குவான். கூட்டம் கைதட்டும். ஜனங்களுக்குப் புத்தி வர வேண்டும் என்று போட்ட வேஷம் பதவி ருசியில் ஒட்டிக்கொள்வதுதான் கதையின் உள்முடிச்சு. எழுதியவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை. 1999இல் மாநிலங்களவைக்குப் போனார், அதுவும் நியமன உறுப்பினராக. வாக்காளர் முன் கைகூப்பவே இல்லை.

2011இல் வடிவேலு வேறு வழியில் போனார். தி.மு.க.வுக்காக ஊர் ஊராகச் சுற்றி விஜயகாந்தைக் கிழித்தார். எங்கள் பக்கம் வந்தபோது நானும் போய் நின்றேன். ஒரு வேட்பாளருக்கும் அப்படிக் கூட்டம் வந்து பார்த்ததில்லை. சிரிப்புச் சத்தத்தில் பாதி பேச்சு காதில் விழவில்லை. பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவரிடம் யாருக்கு அண்ணே ஓட்டு என்று கேட்டேன். இரட்டை இலை என்றார், சிரிப்பை நிறுத்தாமலே. முடிவு வந்தபோது தி.மு.க.வுக்கு 23 இடம், விஜயகாந்தின் தே.மு.தி.க.வுக்கு 29. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். வடிவேலுவுக்கு அதன் பிறகு சில ஆண்டுகள் படமே அரிதாகிவிட்டது. கிருஷ்ணனின் காஞ்சிபுரப் பேச்சையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அவர் எதிராளியைப் பெரிதாக்கிக்காட்டி வழியனுப்பினார். இவர் சிறிதாக்கிக்காட்டி அனுதாபம் தேடிக்கொடுத்தார்.

காமெடியன்களில் எஸ்.எஸ். சந்திரன் மாநிலங்களவைக்குப் போனார். கருணாஸ் 2016இல் இரட்டை இலையில் திருவாடானை எம்.எல்.ஏ. ஆனார். இங்கே பட்டியல் சிறியதுதான். வெளியே பார்த்தால் நம் ஊர்ச் சங்கதி தலைகீழ். குவாத்தமாலாவில் டிவி காமெடியன் ஜிம்மி மொராலெஸ், நான் ஊழல்வாதியும் இல்லை திருடனும் இல்லை என்று சொல்லி 2015 தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதி ஆனார். பதவியில் இருந்தபோதே ஐ.நா. ஆதரவில் இயங்கிய ஊழல் ஒழிப்பு ஆணையத்தை நாட்டை விட்டு அனுப்பினார். உக்ரைனில் டிவி தொடரில் ஜனாதிபதி வேஷம் போட்ட ஜெலன்ஸ்கி, 2019இல் 73 சதவீத ஓட்டு வாங்கி நிஜமாகவே ஜனாதிபதி ஆனார்; மூன்று வருஷத்தில் ரஷ்யப் படை வந்தபோது கீவை விட்டு ஓடவில்லை. இருவருக்கும் தொழில் ஒன்றுதான். தொழிலை வைத்து ஆளை எடைபோடுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்திக்காட்டட்டும்.

ஆனால் பபூன் தொழில் ஒன்றைக் கற்றுக்கொடுக்கும். கூட்டத்தின் மூச்சு எப்போது மாறுகிறது என்று அப்பாவுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். பிடிக்காத பேச்சைப் பாதியில் திருப்பிவிடுவார். அதுவே நாற்காலியில் குறையும்கூட. வரி போடவும் ஆக்கிரமிப்பை இடிக்கவும் கூட்டம் முகம் சுளித்தாலும் தாங்க வேண்டும்.

கிருஷ்ணன் இருந்திருந்தால் கல்வி மந்திரியாக வந்திருக்கலாம், கிந்தனாரைப் படைத்தவருக்கு அந்தத் தகுதி உண்டு. நிதி மட்டும் கொடுக்கக் கூடாது. கேட்டவருக்கெல்லாம் அள்ளிக்கொடுத்துக் கையில் காசில்லாமல் செத்த மனிதர். கஜானா ஒரு மாசம் தாங்காது.