இரத்தினபுரியின் புதல்வி

சிவனொளிபாத மலைக்குத் தென்மேற்கே, களு கங்கைக் கரையில் அமைந்தது இரத்தினபுரி. அங்கே வயலிற் குழி தோண்டி, நீர் இறைத்து, பரற்கல் மண்ணைக் கூடையிலிட்டு அலசி மாணிக்கம் தேடுவர். அம்மண் படுகையைச் சிங்கள மக்கள் 'இல்லம' என்பர். தமிழ்ச் செவிக்கு அது வீடென ஒலிப்பது விந்தையே.

இந்நகரில் 1916 ஆம் ஆண்டு பிறந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையார், 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமரானார். இப்பெருமையை எம் மாணவர் தயங்காது ஒப்புவிப்பர். மற்றொன்றை நாமே எடுத்துரைக்க வேண்டியிருக்கிறது.

நகரைச் சூழ்ந்த குன்றுகளில் இறப்பரும் தேயிலையும் வளர்த்த தமிழரிற் பெரும்பாலோர், 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமையற்று நின்றனர். 1964 ஒக்டோபர் 30 இல் அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, அத்தகையோருள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. அம்மையாரே அப்போதும் பிரதமர்.

நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக் குடியுரிமை அளித்தது. அதற்குள், ஒரே லயத்திற் பிறந்த உடன்பிறப்புகள் பலர் கடலின் இரு கரைகளிலும் முதுமை எய்தியிருந்தனர்.