வை.மு. கோதைநாயகி அம்மாள்: சொல்லிச் சொல்லி எழுதிய கதை

வை.மு.கோ. என்றதும் எல்லோரும் முதலில் சொல்லும் தகவல், 115 நாவல்கள். 'அம்மாடி!' என்று ஒரு வியப்பு, அத்தோடு அடுத்தவரைப் பற்றிப் பேசப் போய்விடுவோம். எனக்கென்னவோ அந்த எண்ணிக்கையைவிட, அது எங்கே ஆரம்பித்தது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

பிறந்தது 1901 டிசம்பர் 1. சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம், கணவர் வை.மு. பார்த்தசாரதி. பள்ளிக்கூடம் போகவே இல்லை. திருவல்லிக்கேணியில் புகுந்த வீடு. கணவர் நாடகம் பார்க்க அழைத்துப் போவார். அந்த ருசிதானோ என்னவோ, முதல் படைப்பும் நாடகம்தான்: 1924-ல் வந்த 'இந்திர மோகனா'. அப்போது அவருக்குத் தடையில்லாமல் எழுத வராது. இவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். எழுத்தாளர் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பவர் என்று ஒரு படம் நம் மனசில் இருக்கிறது. இங்கே ஒரு பெண் சொல்கிறார், இன்னொரு பெண் எழுதுகிறார். பக்கத்தில் கேட்பதற்கு ஆள் இருக்கும்போது பிறந்த எழுத்து அது. அவர் கதைகள் வாய்ப்பேச்சு மாதிரி ஓடுவதற்கும் உபதேசம் கொஞ்சம் தூக்கலாக இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மறு வருஷமே, 1925-ல், 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கினார். சுமார் 35 வருஷம் நடத்தினார். அதே வருஷம் காந்தியைச் சந்தித்தார். பட்டையும் நகையையும் விட்டுவிட்டுக் கதருக்கு மாறினார். மேடைகளில் பேசினார், பாடினார். மறியலில் கலந்துகொண்டு சிறைக்கும் போனார். 'சோதனையின் கொடுமை' சிறைக்குள் எழுதிய நாவல். அவர் உள்ளே இருந்தபோது பத்திரிகை வேலையைக் கவனித்துக்கொண்டவர் கணவர். மனைவி சிறையில், புருஷன் அவளுடைய பத்திரிகையைப் பார்த்துக்கொள்கிறார் — 1930-களின் சென்னையில் இது சாதாரண விஷயமா, யோசித்துப் பாருங்கள்.

1948-ல் காந்தி கொல்லப்பட்ட பிறகு, அவர் நினைவாகத் திருவல்லிக்கேணியில் ஒரு சேவா சங்கம் தொடங்கினார். ஆதரவில்லாத பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கைத்தொழில் கற்றுக்கொடுப்பது அதன் வேலை. பெண் கல்வி, மதுவிலக்கு என்று கதையில் எழுதியதையே தெருவில் இறங்கியும் செய்தார்.

1956-ல் ஒரே மகன் இறந்துபோனார். அந்த அடியிலிருந்து அவர் மீளவே இல்லை. காசநோய் வந்து, 1960 பிப்ரவரி 20-ல் தாம்பரம் சானடோரியத்தில் காலமானார்.

1966-ல் வெளிவந்த 'சித்தி' படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது இவருடைய 'தயாநிதி' நாவலைத் தழுவியது. பத்மினி ஞாபகம் இருக்கும், கதை யாருடையது என்பது ஞாபகம் இருக்காது.

'குடும்ப நாவல் எழுதின அம்மா' என்று இவரைத் தள்ளிவைப்பது சுலபம். இலக்கியத் தராசில் 115-ம் நிற்குமா என்று கேட்டால், நிற்காது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் எழுத்து, வீடு, பொதுப்பணி மூன்றையும் தனித்தனியாக நிறுத்தால் இவர் கணக்கில் வரமாட்டார். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் செய்தவர் இல்லை அவர்.

பாட்டி காலத்துப் பெட்டியில் பழைய 'ஜகன்மோகினி' இதழ் ஏதாவது கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு அத்தியாயத்தையாவது சத்தமாகப் படித்துப் பாருங்கள். அது காதுக்காகப் பிறந்த எழுத்து.