கக்குவான் இருமல்

கக்குவான் இருமல், போர்டெடெல்லா பெர்டுசிஸ் என்னும் பாக்டீரியாவால் மூச்சுக்குழாயில் உண்டாகும் தொற்றுநோய். நோயின் அடையாளம் தமிழ்ப் பெயரிலேயே இருக்கிறது: இருமி இருமிக் கடைசியில் குழந்தை குடித்த பாலைக் கக்கிவிடும். சீனர்கள் இதை நூறு நாள் இருமல் என்றனர். அதுவும் சரியான கணிப்பே.

1578இல் பாரிஸில் பரவிய நோயை கியோம் த பையூ எழுதிவைத்தார். கிருமியைப் பிரித்தெடுத்தவர்கள் பிரஸ்ஸல்ஸின் ஜூல் போர்டே, ஒக்தாவ் ஜாங்கு, ஆண்டு 1906. 1930களில் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரு பெண்கள் பகல் வேலை முடிந்தபின் வீடுவீடாகப் போய், மண்ணெண்ணெய் விளக்கொளியில் குழந்தைகளைத் தட்டின்மேல் இருமச் சொல்லிக் கிருமி சேகரித்தனர். பயனுள்ள தடுப்பூசி அந்த உழைப்பில் பிறந்தது. வெறிநாய்க்கடி மருந்துக்காக 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் பின்னாளில் இந்த இருமலையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசி தயாரித்தது.

இந்தியாவில் தடுப்பூசித் திட்டம் 1978இல் வந்தது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியை நாட்டிலேயே முதலில் பெற்றவை தமிழ்நாடும் கேரளமும். இன்று ஊசி பரவலாகிவிட்டதால், இந்த இருமலைக் காதால் கேட்டே அடையாளம் சொல்லும் பாட்டிகள் அருகிவிட்டனர். தாய்மார் அறியவேண்டியது கூடியிருக்கிறது.

முதல் ஓரிரு வாரம் வெறும் சளிபோலத் தோன்றும். பிறகு மூச்சுவிட இடமில்லாமல் அடுக்கடுக்காக இருமல் வரும். முகம் சிவந்து நீலம் பாரிக்கும். முடிவில் கூவுவதுபோல் மூச்சை உள்ளிழுத்து, வாந்தி எடுக்கும். கண்வெள்ளையில் ரத்தம் கசியலாம். இரவில் கூடும். காய்ச்சல் பெரும்பாலும் இராது, இடையிடையே குழந்தை விளையாடவும் செய்யும். பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குக் கூவலே வராமல் மூச்சு நின்று நின்று வரலாம். அது உயிராபத்து; உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

இதற்கு மருந்தென்று சிலர் புகட்டும் கழுதைப்பால் கிருமியைக் கொல்லாது. மருத்துவர் தரும் அசித்ரோமைசின் கொல்லும். தொடக்கத்திலேயே கொடுத்தால் இருமலும் தணியும்.

6, 10, 14 வாரங்களில் ஊசி. ஒன்றரை வயதை ஒட்டியும் ஐந்து வயதுக்கு மேலும் ஊக்க ஊசி. இவை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். முதல் ஊசிக்கு முந்தைய ஆறு வாரங்களில் சிசுவுக்குச் சுற்றியிருப்பவர்களே காவல்: விடாமல் இருமுகிற பெரியவர்கள், தயவுசெய்து அதைத் தூக்கவேண்டாம்.