நீதிமன்றம் தொடாத பதினோராம் பிரிவு: 1958 கருத்துரையும் கேரளத்தின் உதவி பெறும் பள்ளிகளும்

கேரளத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியரை நியமிப்பவர் மேனேஜர். சம்பளம் கொடுப்பது அரசு. இந்த ஏற்பாட்டுக்கு 1958 மே 22 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த கருத்துரையே மூலம் என்று ஒரு வாசிப்பு நெடுங்காலமாக வழங்கிவருகிறது. கிறித்தவச் சபைகள் தில்லியில் அரசியலமைப்பின் 30(1) உறுப்பை, அதாவது சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை, கேடயமாகப் பெற்றன, கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரியின் கல்வி மசோதா அதில் மோதி உடைந்தது என்பது அதன் சாரம். கருத்துரையை வரிவரியாகப் படித்தால் இந்த வாசிப்பு நிற்காது என்பது என் வாதம். அன்றைய கேரள அரசுக்கு எதிராக எழுந்த விமோசன சமரத்தின் முதன்மையான குறிகளில் ஒன்றாக இருந்த பதினோராம் பிரிவை நீதிமன்றம் அனுமதித்தது. அதை மாற்றியது திருவனந்தபுரத்துச் சட்டமன்றம்.

பிரிவு என்ன சொன்னது என்பதே பல ஆய்வுகளில் மங்கிக் கிடக்கிறது. ஆசிரியர் நியமனத்தை அரசு பறித்துக்கொண்டது என்று சுருக்கமாக எழுதிவிடுகிறார்கள். மசோதாவின் ஏற்பாடு வேறு. ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள், வரக்கூடிய காலியிடங்களைக் கணக்கில் கொண்டு, அரசுப் பணியாளர் தேர்வாணையம் மாவட்டவாரியாக ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து அரசிதழில் பட்டியல் வெளியிடும். தம் மாவட்டப் பட்டியலிலிருந்து மேனேஜர் நியமித்துக்கொள்ளலாம். தக்க காரணம் இருந்தால் ஆணையத்தின் அனுமதியோடு வேறு மாவட்டப் பட்டியலிலிருந்தும் எடுக்கலாம். நியமன ஆணையில் கையெழுத்திடுபவர் அப்போதும் மேனேஜரே. அவர் கைவிட்டது பட்டியலுக்கு வெளியே ஆளைத் தேடும் உரிமையை. இரண்டாம் உட்பிரிவு, பட்டியல் தயாரிக்கும்போது அரசியலமைப்பின் 16(4) உறுப்பின் கீழ் அரசு செய்துள்ள ஏற்பாடுகளை, அதாவது பிற்பட்டோருக்கான இடஒதுக்கீட்டை, ஆணையம் கருத்தில் கொள்ள வேண்டும் என்றது. ஆய்வுலகம் அதிகம் பேசாத இந்த உட்பிரிவே, என் மதிப்பில், மசோதாவின் மிகத் துணிச்சலான இடம்.

இனி நீதிமன்றத்தின் சொற்களுக்கு வருவோம். தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்: உதவியோ அங்கீகாரமோ கேளாதவை, அங்கீகாரம் மட்டும் கேட்பவை, உதவி கேட்பவை. உதவி பெறும் பள்ளியின் நிர்வாகத்தை அரசு ஏற்பதற்கும் பள்ளியையே எடுத்துக்கொள்வதற்கும் வழி செய்த 14, 15 பிரிவுகள், உதவிக்கு நிபந்தனையாகும்போது சிறுபான்மையினரின் நிர்வாக உரிமையையே அழித்துவிடும் என்றார். அங்கீகாரம் மட்டும் பெறும் புதிய சிறுபான்மைப் பள்ளி தொடக்க வகுப்புகளில் கட்டணம் வாங்கக் கூடாது என்ற இருபதாம் பிரிவும் அவ்வாறே வீழ்ந்தது; கட்டணமும் இல்லை, உதவியும் இல்லை என்றால் பள்ளி எதைக் கொண்டு நடக்கும்? ஆனால் சம்பளத்தை அரசே வழங்கும் 9-ஆம் பிரிவு, தேர்வாணையப் பட்டியலைப் பற்றிய 11, முன் அனுமதியின்றி ஆசிரியரை நீக்கக் கூடாது என்ற 12(4) ஆகியவற்றுக்கு வரும்போது நடை மாறுகிறது. இவை நிர்வாக உரிமைக்குள் ஆழமாக நுழைகின்றன, மீறலின் விளிம்பு வரை வருகின்றன என்று சொல்லிவிட்டு, அப்போதைய நிலையில் உதவிக்கான நிபந்தனைகளாக இவற்றை அனுமதிக்கலாம் என்று முடிக்கிறார்.

பழைய வாசிப்பு இந்த வாக்கியத்தின் முற்பாதியில் தங்கிவிடுகிறது. தயக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தயங்கியபடி தரும் அனுமதியும் அனுமதிதான். நிர்வகிக்கும் உரிமை சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று அதே கருத்துரை சொல்வதையும், ஆசிரியரின் பாதுகாப்பும் தகுதியும் அதில் அக்கறையோடு பேசப்படுவதையும் சேர்த்துப் பார்த்தால், பிற்பாதியே முடிவு என்று கொள்வது பொருந்தும். சபைகளின் அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்பதல்ல என் கருத்து. 14, 15 பிரிவுகள் மெய்யான அச்சுறுத்தல். நீதிமன்றம் அதை ஏற்றது.

கருத்துரை 143-ஆம் உறுப்பின் கீழ் வந்த ஆலோசனைதானே, கட்டுப்படுத்தும் தீர்ப்பில்லையே என்பார் உண்டு. அன்றைய அரசு மசோதாவைத் திருத்தி மீண்டும் நிறைவேற்றியது; அந்த வாதத்துக்கு அதுவே பதில். 1963-இல் குஜராத்தின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வழக்கும் 1974-இல் செயின்ட் சேவியர் கல்லூரி வழக்கும் சிறுபான்மையினரின் உரிமையை விரித்ததால், பதினோராம் பிரிவு எப்படியும் வீழ்ந்திருக்கும் என்பது இன்னொரு மறுப்பு. இருக்கலாம். ஆனால் 1960-இல் நடந்ததற்கு 1963-இன் தீர்ப்பு காரணமாக முடியாது.

1960-இல் நடந்தது இது. 1959-ஆம் ஆண்டின் ஆறாவது சட்டமாக மசோதா நடைமுறைக்கு வந்தபோது பதினோராம் பிரிவும் அதில் இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 31 அன்று முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவை கலைக்கப்பட்டது. அடுத்து வந்த பட்டம் தாணுபிள்ளை ஆட்சியில் சட்டம் திருத்தப்பட்டு, தகுதியுள்ளோரிலிருந்து மேனேஜரே நியமிக்கலாம் என்றானது. இந்த உரிமை சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் போகவில்லை. மன்னத்து பத்மநாபன் வழிநடத்திய நாயர் சர்வீஸ் சொசைட்டியின் பள்ளிகளுக்கும் தனிமனிதர் நடத்தும் பள்ளிகளுக்கும் சமமாகப் போனது. 30(1) உறுப்பு நாயர் சொசைட்டிக்கு எந்தக் கேடயமும் தரவில்லை. நீதிமன்றமே இந்த அமைப்பைப் படைத்ததென்றால், சங்ஙனாசேரியில் ஆயரின் பள்ளிக்கு ஒரு விதியும் அதே ஊரில் சொசைட்டியின் பள்ளிக்கு வேறு விதியும் இருந்திருக்க வேண்டும். பழைய வாசிப்பு இதற்கு இதுவரை விளக்கம் சொல்லவில்லை.

ஏழு நீதிபதிகளில் டி.எல். வெங்கடராம ஐயர் (தமிழர் அவரை முத்துசுவாமி தீட்சிதர் பற்றி எழுதிய இசையறிஞராக அறிவர்) மாறுபட்டார்: அங்கீகாரம் கேட்டுப் பெறும் உரிமை 30(1)-இல் இல்லை, ஆகவே இருபதாம் பிரிவு செல்லும். பெரும்பான்மைக்கும் அவருக்கும் வேறுபாடு அங்கீகாரத்தைப் பற்றியது. உதவிக்கு நிபந்தனை உண்டு என்பதில் இரு தரப்பும் ஒன்றே. நாடு முழுவதற்குமான பிற்காலச் சட்டத்தில் கரைந்துபோனது இந்த ஒற்றுமைதான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தும், உதவி பெறாதவற்றுக்குப் பொருந்தாது என்று 2012-இல் வந்த தீர்ப்பு 1958-இன் பிரிப்போடு இசைந்தது. 2014-இன் பிரமதி தீர்ப்பு அந்தக் கோட்டை அழித்து, இரு வகைக்கும் விலக்களித்தது.

உதவி பெறும் பள்ளி நியமனங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் கேட்கும் குரல் கேரளத்தில் ஓயவில்லை. அரசே சம்பளம் தரும் அத்தனை பணியிடங்களில் அவர்களுக்கென ஒதுக்கீடு இல்லாதது, 11(2)-ஐ இழந்ததன் நேரடி விளைவு. சிறுபான்மைப் பள்ளிகளைப் பொறுத்தவரை பிற்காலத் தீர்ப்புகள் குறுக்கே நிற்கின்றன. அதைக் கடப்பது கடினம். மற்றப் பள்ளிகளின் குறுக்கே நிற்பது 1960-இன் திருத்தம் மட்டுமே. அதை மாற்ற உச்ச நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை. திருவனந்தபுரத்தில் பேரவை கூடினால் போதும்.