சிக்னல் எண்ணக் கற்றுக்கொண்ட கதை

நம் கல்லூரியில் சிவில் படித்தவர்களுக்கு வெப்ஸ்டர் என்றதும் ஞாபகம் வரும். மேலே ஒன்றரை எல் கூட்டல் ஐந்து, கீழே ஒன்று கழித்தல் ஒய். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில் நடந்து நடந்து உருப்போட்ட சூத்திரம். மலருக்குக் கட்டுரை கேட்டதும், அந்தச் சூத்திரத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று எழுதலாமே என்று தோன்றியது. மற்றத் துறை நண்பர்கள் பயப்பட வேண்டாம், கணக்கு ஒரே ஒரு இடத்தில்தான் வரும்.

1868 டிசம்பரில் லண்டன் பார்லிமெண்ட் கட்டடத்துக்கு வெளியே முதல் சாலை சிக்னலை நிறுத்தினார்கள். வடிவமைத்தவர் ஜே. பி. நைட் என்ற ரயில்வே இன்ஜினீயர். ரயில்வே கைகாட்டி மரத்தையே தெருவுக்குக் கொண்டு வந்துவிட்டார் எனலாம். இரவில் சிவப்பும் பச்சையுமாய் காஸ் விளக்கு. யாருக்காக வைத்தார்கள் தெரியுமா? குதிரை வண்டிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டிய ஜனங்களுக்காக. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். ஒரு மாதம் போல ஓடியது. 1869 ஜனவரியில் காஸ் வெடித்து, அதை இயக்கிய போலீஸ்காரருக்குக் காயம். அத்தோடு சரி.

மின்சார சிக்னல் 1914 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வந்தது. அதிலும் ஒரு ஆள் கூண்டுக்குள் உட்கார்ந்து சுவிட்சைத் தட்ட வேண்டும். பிறகு கடிகாரம் வைத்தார்கள். கடிகாரத்துக்குத் தெருவில் வண்டி இருக்கிறதா இல்லையா என்று தெரியாதே!

வண்டியை உணரும் சிக்னலுக்கு முதல் முயற்சிகளில் ஒன்று 1928-ல் பால்டிமோரில் நடந்தது. சார்லஸ் ஆட்லர் என்பவர் கம்பத்தில் மைக்ரோபோன் வைத்தார். குறுக்குத் தெருவில் வருபவர் ஹாரன் அடித்தால் பச்சை விழும். நம்ம ஊரில் இதை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஏறக்குறைய அதே சமயத்தில், சக்கரம் ஏறி அழுத்தினால் மின்தொடர்பு ஏற்படும் தட்டுகளைச் சாலையில் பதித்தார்கள். அதுதான் நின்றது, முப்பது வருஷத்துக்கு மேல்.

1960களின் தொடக்கத்தில் வந்தது 'லூப்'. சாலையைக் கீறி, செம்புக் கம்பியைச் சில சுற்றுகள் விட்டு, தார் போட்டு மூடிவிடுவார்கள். அதில் உயர் அதிர்வெண் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே கார் வந்தால் அதன் உலோக அடிப்பாகத்தில் சுழல் மின்னோட்டம் எழும்பி, சுருளின் இண்டக்டன்ஸ் குறையும், அதிர்வெண் கூடும். பெட்டிக்குள் இருக்கும் கருவி 'வண்டி வந்தாச்சு' என்று புரிந்துகொள்ளும். எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நிறைய பேர் இன்னும் எடை என்றுதான் நினைக்கிறார்கள், இன்ஜினீயர்கள் உள்பட. யானை வந்து நின்றாலும் லூப்புக்குத் தெரியாது. மனுஷன் நின்றாலும் தெரியாது.

இப்போது கணக்கு. எஃப். வி. வெப்ஸ்டர் 1958-ல் பிரிட்டிஷ் சாலை ஆராய்ச்சி நிலையத்தின் 39-ம் எண் அறிக்கையாக வெளியிட்டது அது. ஒரு சுற்றில் வீணாகும் நேரம் 10 விநாடி என்று வையுங்கள். சாலையின் கொள்ளளவில் 70 சதம் வண்டி வந்தால் சுற்று 67 விநாடி. 80 சதமானால் 100. 90 சதமானால் 200! கொஞ்சம் கூட்டம் கூடியதும் சந்திப்பு ஏன் மொத்தமாய்ப் படுத்துவிடுகிறது என்பது இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆனால் எத்தனை சதம் என்று யார் போய் எண்ணுவது? ஒரு நாள் எண்ணி நேரத்தை வைத்தால், அந்தத் திட்டம் வருஷத்துக்கு 3 சதம் போலப் பழசாகிப்போகிறது என்று பிற்பாடு அங்கேயே கண்டார்கள்.

கம்ப்யூட்டரைச் சேர்த்தவர்களில் டொரண்டோ நகரம் முன்னோடி, 1963. ஆனால் எனக்குப் பிடித்தது பிரிட்டனின் 'ஸ்கூட்'. டென்னிஸ் ராபர்ட்சன் 1969-ல் எழுதிய 'டிரான்சிட்' என்ற புரோகிராமின் வாரிசு இது. 1970களில் கிளாஸ்கோவில் சோதித்து, 1981-ல் அறிக்கை வெளியிட்டார்கள். சந்திப்புக்கு வெகு முன்னாலேயே லூப்பைப் பதித்து, விநாடிக்கு 4 தடவை கேட்பார்கள். வரிசை எவ்வளவு நீளும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே மாடல் போட்டுக்கொள்ளும். இதில் உள்ள புத்திசாலித்தனம் அடக்கம்தான். ஒரு தடவைக்கு நாலு விநாடிக்கு மேல் மாற்றாது. தடாலடியாக மாற்றினால் அந்த மாற்றமே ஒரு நெரிசலைக் கிளப்பும். நன்றாகப் போட்ட நிலையான திட்டத்தைவிடத் தாமதம் சுமார் 12 சதம் குறைந்தது.

இதே காலத்தில் சிட்னியில் ஆர்தர் சிம்ஸ் குழுவினர் 'ஸ்காட்ஸ்' செய்தார்கள். அதில் லூப் ஸ்டாப் லைனிலேயே இருக்கும். 1984 ஒலிம்பிக்ஸுக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் 118 சந்திப்புகளை ஒரே மையத்தில் இணைத்தார்கள். 2013-க்குள் நகரத்தின் 4,400 சிக்னல்களும் அதில் வந்துவிட்டன.

நம்ம பக்கம் வந்தால்தான் சிக்கல். லூப் என்பது லேன் பார்த்து ஓடும் கார்களுக்குச் செய்த சாதனம். இங்கே இரண்டு லேனுக்கு நடுவே மூன்று பைக், ஒரு ஆட்டோ. திருவனந்தபுரம் சி-டாக் இதற்கென்றே 'கோசிகாஸ்ட்' என்ற முறையை உருவாக்கியது. லூப்புக்கு பதில் கேமராவும் வந்துவிட்டது. நல்லதுதான், ஏனென்றால் லூப்புக்கு எமன் ரோடு போடுபவர்கள். நான் வேலை பார்த்த ஒரு நகரத்தில் (பெயர் வேண்டாம்) சாலையைச் சுரண்டியபோது கம்பி அறுந்தது. லூப் செத்தால் 'வண்டி நிற்கிறது' என்றே கருவி எடுத்துக்கொள்ளும், அப்படித்தான் வடிவமைப்பு. காலியான சந்துக்கு ஒவ்வொரு சுற்றிலும் முழுப் பச்சை. மெயின் ரோட்டில் பஸ்கள் வரிசை கட்டி நின்றன. திரையில் எல்லாம் ஒழுங்காய் ஓடுவதாகவே காட்டியது. மூன்று வாரம் கழித்து ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வெப்ஸ்டர் கணக்கில் கார் 1, பஸ் 2.25, மோட்டார் சைக்கிள் 0.33, சைக்கிள் 0.2. அறுபது பேர் போகும் பஸ்ஸுக்கு இரண்டேகால் காரின் மரியாதை! சாலையில் அடைக்கும் இடத்துக்கு அது சரியான எண்தான், தப்பு சொல்லவில்லை. ஆனால் பச்சையைப் பங்கு போடும்போது அதே எண்ணை வைத்தால் பஸ்ஸில் தொங்குகிறவன் கணக்கில் வருவதில்லை. நடந்து போகிறவருக்கு எண்ணே கிடையாது.

1868-ல் நடப்பவர்களுக்காகப் பிறந்த சாதனம் அவர்களை எண்ண ஆரம்பித்தது எப்போது? 2014-ல்தான் லண்டனில் பால்ஹாம், டூட்டிங் பகுதிகளில் காத்து நிற்பவர்களைக் கேமராவால் எண்ணி, கூட்டத்துக்குத் தக்கபடி பச்சையை நீட்டும் சோதனை நடந்தது.

ஃபைனல் இயர் தம்பி தங்கைகளே, புராஜெக்ட் தலைப்பு தேடுகிறீர்களா? நம் கல்லூரி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே சாயங்காலம் நாலரைக்கு எத்தனை பேர் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள். சென்சார் அப்புறம், நோட்டும் பென்சிலும் போதும். ஷீட் எப்படிப் போடுவது என்று கேட்க வேண்டுமானால், ரீயூனியன் அன்று மத்தியானம் சிவில் பிளாக் வாசலில் இருப்பேன்.